சேலத்துப் பழைய போட்டோக்களை இணையத்தில் ஏற்றப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டு ஆரம்பியுங்கள்

"சேலம் பழைய போட்டோ" என்று ஆங்கிலத்தில் அடித்துத் தேடிப் பாருங்கள். சூனியக்காரிகள் வருவார்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு சேலம் இருக்கிறது, 1692இல் நடந்த சூனிய வழக்குகளால் பெயர் வாங்கிய ஊர். ஓரிகன் மாநிலத்தின் தலைநகரும் ஒரு சேலம்தான். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நம் கோட்டை மாரியம்மனைத் தேடிப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

படங்கள் இல்லாமல் இல்லை. செவ்வாய்ப்பேட்டையில் மூடிக் கிடக்கும் ஸ்டூடியோக்களிலும் அம்மாபேட்டைத் தறி வீடுகளின் சுவர்களிலும் ஏற்காட்டு எஸ்டேட் பங்களாக்களின் டிரங்குப் பெட்டிகளிலும் நிறைய இருக்கின்றன. ஸ்டூடியோ வைத்திருந்த ஒரு பெரியவரின் பெட்டிகளை எடுத்துக்கொண்டு நான் இறங்கினேன். 600 படத்துக்குக் கொஞ்சம் கூட. முடிக்க 14 மாதம் ஆனது. அதில் 5 மாதம் செய்ததையே திருப்பிச் செய்தேன். உங்களுக்கு அந்த 5 மாதம் மிச்சமாகட்டும்.

விக்கிப்பீடியாவுக்குப் படங்கள் தரும் பொதுக் கிடங்கான விக்கிமீடியா காமன்ஸ் தளத்தை வைத்துத்தான் சொல்கிறேன். இலவசம், தமிழில் குறிப்பு எழுதலாம், கூகுள் தேடலில் வரும். வேறு தளத்தில் ஏற்றினாலும் முதல் ஆறு படிகள் இதேதான்.

1. 50 படத்தோடு ஆரம்பியுங்கள்

பெட்டி முழுவதையும் ஒரே மூச்சில் முடிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம். முதல் சுற்றில் தெரு, கடைவீதி, திருவிழா, வேலை செய்யும் ஆட்கள் (தறி, வெள்ளிப் பட்டறை, மாங்காய் மண்டி) இருக்கும் படங்களை மட்டும் எடுங்கள். பாஸ்போர்ட் சைஸ் முகங்கள் காத்திருக்கலாம்.

இரண்டு விஷயம் மட்டும் காத்திருக்காது. ஒன்று, பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடிக்கும் நெகடிவ். பிலிமே சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்தப் பெட்டியைத் தனியே வைத்து அதை முதலில் முடியுங்கள். இன்னொன்று, படத்தில் இருப்பவர் இன்னார் என்று சொல்லக்கூடிய வயசாளிகள்.

2. படம் யாருடையது என்று பாருங்கள்

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. படம் கையில் இருப்பது வேறு, அதன் பதிப்புரிமை வேறு. ஸ்கேன் செய்ததால் மட்டும் உரிமை உங்களுக்கு வந்துவிடாது. காமன்ஸில் ஏற்றும்போது "இது என் சொந்தப் படைப்பு" என்ற கட்டத்தை டிக் செய்யத் தோன்றும், ஏனென்றால் அதுதான் சுலபமான வழி. நானும் செய்தேன். முதல் 40 படமும் நீக்கப்பட்டன. நியாயம்தான், 1950களின் தெருவை நான் எப்படி எடுத்திருக்க முடியும்?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 17 சொல்வது: ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர். ஆக உங்கள் தாத்தா ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்துக்கொண்ட கல்யாணப் படம் தாத்தாவுடையது, அவருக்குப் பின் வாரிசுகளுடையது. அதே ஸ்டூடியோக்காரர் தன் ஆசைக்கு வெளியே வந்து எடுத்த வண்டி வேடிக்கைப் படம் (ஆடித் திருவிழாவில் சாமி வேஷம் போட்டு வண்டியில் வரும் ஊர்வலம்) ஸ்டூடியோக்காரருடையது. ஒரே பெட்டியில் இரண்டும் கலந்து கிடக்கும். பில் புத்தகம் கிடைத்தால் விடாதீர்கள். நெகடிவ் உறையில் பில் எண் இருந்தால் அது வாடிக்கையாளர் படம், எண் இல்லாதது பெரும்பாலும் அவர் தனக்காக எடுத்தது.

அப்புறம் வருடக் கணக்கு:

1958க்கு முன் எடுத்த படங்களுக்குப் பழைய சட்டப்படி, எடுத்ததிலிருந்து 50 ஆண்டு. அதற்குப் பிந்தியவற்றுக்கு, 2012 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, எடுத்தவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1 முதல் 60 ஆண்டு. எடுத்தவர் 1960இல் இறந்திருந்தால் 2020 டிசம்பர் 31இல் உரிமை முடிந்தது.

இதில் இன்னொரு முடிச்சு. காமன்ஸ் அமெரிக்காவிலிருந்து நடக்கிறது, அங்கேயும் உரிமை முடிந்திருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். 1946க்கு முன் எடுத்த இந்தியப் படங்களைப் பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள். ஆண்டுக்கு ஆதாரம் மட்டும் காட்ட வேண்டும். அதற்குப் பிந்திய எதுவானாலும் கணக்குப் போட்டு மண்டையை உடைத்துக்கொள்ளாமல் உரிமையாளரிடம் கடிதம் வாங்கிவிடுங்கள்.

சேலத்துச் சினிமாக் கம்பெனியான மாடர்ன் தியேட்டர்ஸின் பட ஸ்டில் எதுவும் பெட்டியில் அகப்பட்டால் ஆசை தீரப் பாருங்கள், ஏற்றாதீர்கள். அது ஸ்டூடியோக்காரருடையதும் அல்ல, உங்களுடையதும் அல்ல. நாளிதழ் நறுக்கு, காலண்டர் படம், புத்தகத்திலிருந்து செல்போனில் எடுத்தது எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

3. அனுமதிக் கடிதம்: ஸ்கேனருக்கு முன்னால் இது

வாய்வார்த்தை செல்லாது. "எடுத்துக்கப்பா, எல்லாம் உனக்குத்தான்" என்று பெரியவர் சொன்னதை நம்பித்தான் முதல் தடவை கெட்டேன். சட்டம் எழுத்தில் கேட்கிறது. வெள்ளைத்தாளில் தமிழிலேயே எழுதலாம். நான் வாங்கிய கடிதத்தின் வாசகம் இது (அதில் வரும் கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்ஏ என்பது, எடுத்தவர் பெயரைப் போட்டு, மாற்றினால் அதையும் இதே உரிமத்தில் தந்து, யாரும் பயன்படுத்தலாம் என்ற பொது உரிமம்):

"இணைப்புப் பட்டியலில் 1 முதல் 214 வரை எண்ணிட்ட புகைப்படங்களை நானே எடுத்தேன். இவற்றின் பதிப்புரிமை என்னுடையது. இவற்றை கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்ஏ 4.0 உரிமத்தின்கீழ், உலகம் முழுவதும், பதிப்புரிமைக் காலம் முடியும்வரை, வணிகப் பயன்பாடு உட்பட எதற்கும் யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் அனுமதிக்கிறேன். என் பெயரைக் குறிப்பிட வேண்டும். இந்த அனுமதியைத் திரும்பப் பெற இயலாது என்பதை அறிவேன்."

கீழே பெயர், முகவரி, தேதி, கையெழுத்து. "உலகம் முழுவதும்", "காலம் முடியும்வரை" என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

எடுத்தவர் இல்லை, வாரிசுகள்தான் என்றால் எல்லா வாரிசுகளின் கையெழுத்தும் வேண்டும். மூத்தவர் ஒருவர் போட்டால் போதும் என்பார்கள், போதாது. ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு வெளியூர்ப் பிள்ளைகள் வருவார்கள். ஒரே நாளில் நாலு கையெழுத்து வாங்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. நான் ஆவணியில் போய் நின்றுவிட்டு பொங்கல்வரை காத்திருந்தேன்.

கடிதத்தை உரக்கப் படித்துக் காட்டுங்கள். நான் படித்தபோது பெரியவர் "வணிகப் பயன்பாடு" என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அப்ப எவனாச்சும் காலண்டர் அடிச்சு வித்தா?"

"விக்கலாமுங்க ஐயா. உங்க பேரைப் போட்டுத்தான் விக்கணும்."

"காசு?"

"வராதுங்க."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார். போனேன். பட்டியலில் 31 எண்களைச் சிவப்பு மையால் அடித்து வைத்திருந்தார். எல்லாம் வீட்டுப் பெண்கள் இருக்கும் படங்கள். மற்றவற்றுக்குக் கையெழுத்துப் போட்டார். அந்த இரண்டு நாளைக் கொடுங்கள். வணிகப் பயன்பாடு கூடாது என்ற நிபந்தனையோடு வரும் படத்தைக் காமன்ஸ் ஏற்காது என்பதால் இதை மழுப்பிச் சொல்லிக் கையெழுத்து வாங்குவதிலும் பயனில்லை.

சாவுப் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. இறந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து எடுத்த படங்கள் எல்லாப் பழைய ஸ்டூடியோப் பெட்டியிலும் இருக்கும். சட்டம் என்ன சொன்னாலும், குடும்பத்தைக் கண்டுபிடித்துக் கேட்காமல் அவற்றை நான் ஏற்றவில்லை.

4. பெட்டியைத் திறப்பது

தண்ணீர், ஸ்பிரிட், ஈரத்துணி எதுவும் படத்தில் படக்கூடாது. ஊதுபந்து ஒன்றும் மெல்லிய பிரஷ் ஒன்றும் போதும், இரண்டும் சேர்ந்து 300 ரூபாய்க்குள் முடியும். நெகடிவ்வை ஓரத்தில் பிடியுங்கள். பிரேம் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காதீர்கள், மேல்தோல் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடேயே ஸ்கேன் செய்யலாம்.

ஏற்காட்டுப் பெட்டிகளில் பூஞ்சை கட்டாயம் இருக்கும். மூடுபனிக் காலத்தில் அங்கே போய்ப் பெட்டியைத் திறந்து, ஒன்றோடொன்று ஒட்டியிருந்த ஒரு பள்ளிக்கூட குரூப் போட்டோ அடுக்கை நானே பாழாக்கினேன். மாசி, பங்குனியில் போங்கள். வெயில் காயும் நாளாகப் பார்த்து, நிழலில் காற்றாட வைத்து, அப்புறம் தொடுங்கள்.

5. ஸ்கேன்: செலவும் நேரமும்

முதலில் கடையில் கொடுத்தேன். படத்துக்கு 10 ரூபாய். 200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 200 புள்ளி) எடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். கடைப் பெயரைப் பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்தெல்லாம் கஞ்சி மாதிரி குழைந்தது. அத்தனையும் தண்டம். வாட்ஸ்அப்பில் போட்டோவாக வரும் எதையும் மூலமாக வைத்துக்கொள்ளாதீர்கள், அது சுருக்கித்தான் அனுப்பும். இன்னொரு கடையில் பழைய பிரிண்ட்டைத் தாள் இழுக்கும் தட்டில் வைக்கப் போனார்கள், ஓடிப்போய்ப் பிடுங்கினேன்.

சொந்தமாக ஸ்கேனர் வாங்குவதானால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 5,000 ரூபாய் அளவில் கிடைக்கும் மெல்லிய ஸ்கேனர்கள் சிஐஎஸ் வகை. கண்ணாடியோடு படிந்து கிடக்கும் தாளை நன்றாகப் படிக்கும். சுருண்ட படம், மவுண்ட் அட்டையில் குழிந்து இருக்கும் படம், பிரேமுக்குள் இருக்கும் படம் எல்லாம் மங்கிவிடும். நெகடிவ்வுக்கு அது உதவவே உதவாது. அதற்கு மூடியில் விளக்கு உள்ள சிசிடி வகை வேண்டும், விலை பல மடங்கு. நான் ஒரு நண்பரிடம் இரண்டு மாதம் இரவல் வாங்கினேன். அதுவும் முடியாவிட்டால் எல்இடி டிரேஸிங் பேட் மேல் நெகடிவ்வை வைத்து, ஸ்டாண்டில் நிறுத்திய கேமராவால் எடுக்கலாம். கண்ணாடி நெகடிவ்களுக்கு இதுதான் பாதுகாப்பும்கூட.

அளவுகள்: 4×6 அங்குலப் படம் 600 டிபிஐ. பாஸ்போர்ட் சைஸ் 1200. 35 மில்லிமீட்டர் நெகடிவ் குறைந்தது 2400. கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலர் முறையிலேயே எடுங்கள், பழுப்பும் கறையும் பதிவாக வேண்டும். தரம் குறையாமல் வைக்கும் டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். 4×6 படம் ஒன்று சுமார் 26 எம்பி வரும், 500 படத்துக்கு 13 ஜிபி. இரண்டு ஹார்டு டிஸ்க்கில் வைத்து ஒன்றை வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள்.

பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரை, பென்சில் கிறுக்கல், "மாமா வந்தபோது" என்ற ஒற்றை வரி, எல்லாம் அங்கேதான் இருக்கும். முதல் 100 படத்துக்கு இதை விட்டுவிட்டுப் பிறகு பெட்டியை மறுபடி பிரித்தேன்.

பழகியபின் மணிக்கு 12 படம் எடுக்கலாம். நாலு மணி நேரத்துக்கு மேல் ஒரே நாளில் உட்காராதீர்கள். களைத்தபிறகு எண்கள் மாறிப்போகும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பார்த்துவிட்டு உட்காருங்கள்.

கலர் ஏற்றுவது, ஏஐ வைத்து முகத்தைத் தெளிவாக்குவது எதையும் மூலக் கோப்பில் செய்யாதீர்கள். அது இல்லாத மூக்கை வரைந்துவிடும். குறுக்கே உங்கள் பெயரை வாட்டர்மார்க்காகப் போடுவதும் வேண்டாம். கோபுரத்தின் மேல் யாரோ ஒருவருடைய பக்கத்தின் பெயர் ஓடும் படங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

6. குறிப்பு எழுதுவது: ஸ்கேனைவிட இரு மடங்கு நேரம்

ஒரு எக்ஸெல் தாள் போதும். எண், தமிழ்த் தலைப்பு, ஆங்கிலத் தலைப்பு, இடம் (அப்போதைய பெயர், இப்போதைய பெயர்), காலம், அதற்கு என்ன ஆதாரம், எடுத்தவர், படத்தில் இருப்பவர், பின்பக்க எழுத்து, தகவல் சொன்னவர், உரிமம். "ஆதாரம்" என்ற பத்தியை விடாதீர்கள். ஒரு வருடம் கழித்து "1962 என்று எப்படிச் சொன்னோம்?" என்று நீங்களே முழிப்பீர்கள்.

ஆங்கிலத்தில் எங்கே எழுதினாலும் "சேலம், தமிழ்நாடு" என்று சேர்த்தே எழுதுங்கள், வெறும் சேலம் என்றால் சூனியக்காரிகளோடு போய்ச் சேரும். ஏற்காடு, சேர்வராயன் மலை இரண்டுக்கும் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலையும் குறிப்பில் கொடுங்கள். மாவட்டப் பெயரிலும் கவனம். தருமபுரி 1965இல் பிரிந்தது, நாமக்கல் 1997இல். அதற்கு முன் ஓசூர்ப் படமும் திருச்செங்கோட்டுப் படமும் "சேலம் ஜில்லா"தான்.

காலத்தைக் கண்டுபிடிக்க எனக்கு உதவியவை:

ஸ்டூடியோ முத்திரையில் 636இல் தொடங்கும் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் அந்த முத்திரை 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. விலைப் பலகையில் அணா இருந்தால் பெரும்பாலும் 1957க்கு முன், நயா பைசா இருந்தால் அதற்குப் பின். போர்டில் "மெட்ராஸ் ஸ்டேட்" என்றிருந்தால், 1969இல் மாநிலத்தின் பெயர் மாறுவதற்கு முன் எழுதியது. வண்டி நம்பர் "டிஎன்" என்று தொடங்கி அடுத்து எண் வந்தால் 1989க்குப் பிந்தியது.

எழுத்துச் சீர்திருத்தம் இன்னொரு துப்பு. 1978 அரசாணைக்குப் பிறகுதான் ணை, லை, னை போன்றவற்றின் இன்றைய வடிவம் பரவியது. அரசு போர்டில் புதிய வடிவம் இருந்தால் 1978க்குப் பின் என்று எழுதலாம். பழைய வடிவம் இருந்தால் எதுவும் சொல்ல முடியாது, நல்ல நிலையில் இருக்கும் போர்டை யார் அழித்து எழுதுவார்கள்? கட்சிப் போர்டாக இருந்தால் ஏமாறாதீர்கள். பெரியாரின் பத்திரிகைகள் 1935இலேயே புதிய எழுத்துக்கு வந்துவிட்டன, திராவிடர் கழகம் அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டதே 1944 சேலம் மாநாட்டில்தான். நம் ஊரில் புது எழுத்து கொஞ்சம் முன்னாலேயே எட்டிப் பார்த்திருக்கும்.

துல்லியம் கிடைக்காவிட்டால் "சுமார் 1960கள்" என்று எழுதினால் போதும், தப்பான துல்லியம்தான் ஆபத்து.

முகங்களுக்குப் பெயர் கேட்கும்போது லேப்டாப்பை நீட்டாதீர்கள். பிரிண்ட் போட்டுக் கொண்டுபோங்கள். ஒரு படத்தில் சேலத்துக் குகைப் பகுதியின் வண்டி வேடிக்கை, வண்டி மேல் முருகன் வேஷத்தில் ஒரு பையன், கீழே வடத்தைப் பிடித்தபடி சட்டையில்லாத ஒருவர். திரையில் பார்த்தபோது யாரும் வாய் திறக்கவில்லை. ஏ4 தாளில் கொடுத்ததும் ஒரு பாட்டி விரலால் அந்த வடத்தைத் தடவிக்கொண்டே போய், "இது எங்க அண்ணன், கையில ஆறு வெரலு" என்றார். பெரிதாக்கிப் பார்த்தோம். ஆறு விரல்.

7. ஏற்றுவது

கணக்கு தொடங்க மின்னஞ்சல் போதும். பதிவேற்றும் பக்கத்தில் ஒரு தடவைக்கு 50 படம் போகும். டிஃப் கோப்பை வீட்டில் வைத்துக்கொண்டு, அதிகபட்சத் தரத்தில் சேமித்த ஜேபெக் பிரதியை ஏற்றுங்கள். "என் சொந்தப் படைப்பு அல்ல" என்ற வழியைத் தேர்ந்து, எடுத்தவர் பெயர், மூலம், உரிமம் மூன்றையும் நிரப்புங்கள். கோப்புப் பெயரில் ஊர், இடம், நிகழ்ச்சி, ஆண்டு, எண் இருக்கட்டும். கேமரா கொடுத்த எண்ணோடு அப்படியே ஏற்றாதீர்கள்.

கடிதத்தின் ஸ்கேன் பிரதியைக் காமன்ஸின் அனுமதிகள் குழுவுக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். உரிமையாளருக்கு மின்னஞ்சல் இருந்தால் அவரே அனுப்புவது நல்லது, உங்கள் முகவரியிலிருந்து போனால் கூடுதல் கேள்வி வரும். அனுப்பிய அன்றே படங்களின் பக்கத்தில் "அனுமதி நிலுவையில்" என்ற குறியைப் போடுங்கள். போடாவிட்டால் யாராவது "அனுமதி இல்லை" என்று குறி போடுவார்கள், அதிலிருந்து 7 நாளில் நீக்கம். எனக்குப் பதில் வர 5 வாரம் ஆனது. நடுவில் படங்கள் போனாலும் பதறாதீர்கள், கடிதம் ஏற்கப்பட்டதும் மீட்டுத் தருவார்கள். மறுபடி ஏற்றினால்தான் சிக்கல்.

கடைசியாக, ஒவ்வொரு படத்துக்கும் பகுப்பு (ஒரே ஊர், ஒரே விஷயப் படங்களை ஒன்றாக அடுக்கும் தலைப்பு) சேருங்கள். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் தனித்தனிப் பகுப்புகள் உள்ளன. பகுப்பு இல்லாத படத்தை அடுத்தவர் கண்டுபிடிப்பது கஷ்டம்.

8. அரசு அலுவலகங்களில் இருக்கும் படங்கள்

வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருக்கும் பழைய படத்தைச் செல்போனில் எடுத்துவந்து ஏற்றாதீர்கள். முதலில் எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனுப் போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். "உங்களிடம் உள்ள புகைப்படங்களின் பட்டியல், ஆண்டு, எடுத்தவர் விவரம்" என்று பட்டியலைக் கேளுங்கள், நகலை அடுத்த மனுவில் பார்த்துக்கொள்ளலாம். நகல் கிடைத்தாலும் வெளியிடும் உரிமை அதோடு வராது. அரசுப் படைப்புக்கும் வெளியானதிலிருந்து 60 ஆண்டுக் கணக்கு உண்டு.

9. ஏற்றிய பிறகு

பெட்டியை வாங்கிய அடுக்கிலேயே திருப்பிக் கொடுங்கள். கூடவே எல்லாப் படமும் உள்ள ஒரு பென்டிரைவும் அவருக்குப் பிடித்த ஒரு படத்தின் பெரிய பிரிண்ட்டும். எனக்கு 900 ரூபாய் ஆனது, மொத்த வேலையிலும் மனசு வலிக்காமல் செய்த செலவு.

திருத்தங்கள் வரும். ஏற்றி மூன்றாம் வாரம் எனக்கு முதல் திருத்தம் வந்தது: "இது குகை இல்லை, அம்மாபேட்டை. பின்னால் தெரியும் மாடி வீடு எங்களுடையது." குறிப்பை யார் வேண்டுமானாலும் திருத்தலாம், நீங்களே உடனே திருத்திவிடுங்கள். கோப்பின் பெயரை மாற்ற மட்டும் தனியே கோரிக்கை வைக்க வேண்டும். எக்ஸெல் தாளிலும் மறக்காமல் மாற்றுங்கள். நான் மறந்துபோய், அடுத்த 50ஐ ஏற்றும்போது அதே தெருவை மறுபடியும் குகை என்றே எழுதினேன்.